கோல் போடாதவர்

அவரை நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். கோவில்பட்டிக்காரரை வேறு எப்படிக் கூப்பிடுவது. அணியிலிருந்த சியால்கோட், கோவா ஆட்கள் அதையே அவருடைய பெயர் என்று எடுத்துக்கொண்டு, மரியாதைக்கு ஒரு 'பாய்' சேர்த்து 'அண்ணாச்சி பாய்' என்றார்கள். அண்ணன் என்பதை இரண்டு தடவை சொல்கிறீர்களே என்று நான் என் இந்தியில் விளக்கினேன். கோல்கீப்பர் பஷீர் யோசித்துவிட்டு, "சரிதான், ரெண்டு ஆள் வேலையைத்தானே பார்க்கிறார்" என்றான். நான் இந்தி பேசினால் எல்லாரும் சிரிப்பது வழக்கம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் குவைத்தில் எங்களுக்கு ஹாக்கிதான் பிழைப்பு. இதை இன்று என் பிள்ளைகள் நம்புவதில்லை. என் வயிற்றைப் பார்த்த பிறகு வேறு யாரும் நம்புவதில்லை. அது ஒரு கட்டுமானக் கம்பெனி. முதலாளியின் தம்பி இங்கிலாந்துக்குப் படிக்கப் போய், படிப்பை அங்கேயே விட்டுவிட்டு ஹாக்கியை மட்டும் கொண்டுவந்திருந்தார். அவரை முதீர், அதாவது மேனேஜர், என்போம். வெள்ளிக்கிழமைதோறும் கம்பெனி அணிகளுக்குள் ஆட்டம் நடக்கும். முதீர் மைதானத்தின் ஓரத்தில் ஒரு நீள சோபாவைக் கொண்டுவந்து போட்டு, மற்ற கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து சாயா குடிப்பார். முந்தின வாரம் ஜெயித்தவர் நடுவில் உட்காருவார், தோற்றவர் ஓரத்தில். அந்த நடு இடத்துக்காகத்தான் எங்களை ஊர் ஊராகப் பொறுக்கி எடுத்து வந்திருந்தார்.

விசாவில் ஹாக்கி என்று ஒரு தொழில் கிடையாது. ஆகவே எங்கள் செண்டர் ஃபார்வர்ட் ஜெபராஜ் விசாப்படி சமையல்காரன். பஷீர் கொத்தனார். அண்ணாச்சி ஸ்டோர்கீப்பர், ஸ்டோர் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. டைப்பிஸ்ட் என்று வந்த நான் ஒருவன்தான் நிஜமாகவே டைப் அடித்தேன். கல்லூரி அணியில் ஆடியவன் என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்காக என்னை ரிசர்வ் ஃபுல்பேக்காகவும் போட்டுவிட்டார்கள். அண்ணாச்சிக்குக் காயம் பட்டால் நான் இறங்க வேண்டும். அவருக்குக் காயம் படாத வெள்ளிக்கிழமை கிடையாது. இறங்கத்தான் விடமாட்டார்.

ஹாக்கி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஃபுல்பேக் என்பவர் கோல்கீப்பருக்கு முன்னால், மற்ற எல்லாருக்கும் பின்னால் நிற்பவர். எதிரி கொண்டுவரும் பந்தைப் பிடுங்கி முன்னால் அனுப்புவது அவர் வேலை. அனுப்பிய பிறகு அந்தப் பந்துக்கு என்ன நல்லது நடந்தாலும் அதில் அவருக்குப் பங்கில்லை. எங்கள் மைதானத்தில் புல் கிடையாது. மணலில் கழிவெண்ணெயைத் தெளித்து ரோலர் ஓட்டி இறுக்கிய தரை. விழுந்து எழுந்தால் முழங்கால் கறுத்துவிடும். ஜெபராஜின் வெள்ளை டிரவுசர் ஆட்டம் முடிந்தும் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். அண்ணாச்சியின் முழங்கால்களோ எந்த சோப்புக்கும் மசியாத நிலைக்கு வந்து பல வருஷமாகியிருந்தது.

"எம் பந்து! ஒதுங்கு!"

இதுதான் அவர் மைதானத்தில் சொல்லும் ஒரே வாக்கியம். பந்து இடது பக்கம் வந்தாலும் எம் பந்து, வலது பக்கம் வந்தாலும் எம் பந்து. நடுவில் யாராவது தன் கடமையைச் செய்ய நின்றால் அவனுக்கு ஒரு முழங்கை இடி. பெனால்டி கார்னர் என்று ஒன்று உண்டு. எதிரி நின்று நிதானித்து, கல் போன்ற பந்தை வெறிகொண்டு அடிப்பான். கோல் கோட்டில் நிற்பவர்களில் ஒருவர் அந்த அடியை நோக்கியே ஓட வேண்டும். எல்லா அணிகளிலும் இதற்கு முறை வைத்திருப்பார்கள். எங்கள் அணியில் முறை கிடையாது. விசில் ஊதியதும் அண்ணாச்சி ஓடுவார், பந்தைத் தாடையிலோ தொடையிலோ வாங்கிக்கொள்வார், நொண்டிக்கொண்டே திரும்பி வருவார். பஷீர் கோலின் வலது பாதியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று வைத்திருந்தான். இடது பாதிக்கு அண்ணாச்சி.

பயிற்சியின்போது ஒருநாள் நான் பணிவாகக் கேட்டேன். "அண்ணாச்சி, ஒரே ஒரு பந்தை நான் எடுக்கட்டுமா?"

"எடுத்து?" என்றார்.

 அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

எங்கள் அணி கோல் போட்டால் எல்லாரும் ஜெபராஜைக் கட்டிப்பிடிக்க ஓடுவோம். ரிசர்வில் இருக்கும் நான்கூடத் தண்ணீர் ஜாடியோடு ஓடுவேன். அண்ணாச்சி அந்த நேரத்தில் தன் பக்கத்துத் தரையில் குழி விழுந்திருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் ஆட்டத்தின் முடிவு இரண்டு வரியில் வரும். கோல் போட்டவர் பெயர் வரும். அதை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஜெபராஜ், ஜெபராஜ், மறுபடி ஜெபராஜ்.

"ஃபுட்பாலுன்னா செல்ஃப் கோலாவது போட்டுப் பேரு வாங்கலாம்வே. நம்ம ஆட்டத்துல அந்தக் கொடுப்பினையும் இல்ல" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அடுத்த வாரமும் வாசிக்கச் சொல்வார்.

ஃபர்வானியாவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நாங்கள் ஆறு பேர் ஒரு ரூமில் இருந்தோம். அங்கேயும் அவர் ஃபுல்பேக்தான். ஜெபராஜ் சமைக்க வேண்டிய நாளில் அவர் சமைப்பார். விசாவில் சமையல்காரனான ஜெபராஜுக்கு அரிசி களையத் தெரியாமலே போனதற்கு இதுதான் காரணம். ஒருமுறை பஷீர் குளியலறை ஹீட்டரை அணைக்க மறந்து, அது வெடித்து, கீழ் வீட்டுக் கூரையில் தண்ணீர் ஒழுகிவிட்டது. கட்டடத்துக் காவல்காரர் ஒரு எகிப்தியர், பெரிய தொண்டைக்காரர். மாடியேறி வந்து, யார் செய்தது என்று கத்தினார். அண்ணாச்சிக்குத் தெரிந்த அரபி மூன்று நான்கு சொல். அதில் ஒன்று 'அனா'. நான் என்று பொருள். "அனா" என்று சொல்லி முன்னால் போய் நின்றார். எகிப்தியர் கொஞ்ச நேரம் கத்திவிட்டு, எதிர்ப்பு இல்லாத சலிப்பில் இறங்கிப் போய்விட்டார்.

"செஞ்சது பஷீர். நீங்க எதுக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"அவன் போனா அரை மணி நேரம் சண்டை புடிப்பான்வே. நாம போனா ஒத்தச் சொல்லுல முடிஞ்சிரும்."

பஷீர் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவுமில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, அதற்கு யார் நன்றி சொல்கிறார்கள். ஆனால் ஜெபராஜுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன், ரோஷக்காரன். ஒரு ஆட்டத்தில் திறந்து கிடந்த கோலுக்கு முன்னால் நின்று பந்தை வெளியே அடித்தான். இடைவேளையில் முதீர் சோபாவிலிருந்து எழுந்து வந்தார், எழுந்து வருவதே அபூர்வம். அதற்குள் அண்ணாச்சி, பந்தைத் தான்தான் தப்பாக அனுப்பியதாகக் கையைக் காட்டி ஒப்புக்கொண்டுவிட்டார். முதீர் அவரைத் திட்டிவிட்டுப் போனார்.

ஜெபராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் அண்ணாச்சி, ஒரு ஏச்சைக்கூட எனக்குன்னு வாங்க விடமாட்டியளா?"

"நீ கோலைப் போடுலே. ஏச்சை நான் பாத்துக்கிடுதேன்."

"நான் என்ன கைப்பிள்ளையா?"

"கோல் போடுதவன் எல்லாரும் கைப்பிள்ளதாம்லே" என்றார். அவன் அன்று அவரோடு சாப்பிட உட்காரவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். அண்ணாச்சி அவனுக்கென்று ஒரு மீன் துண்டை எடுத்து மூடி வைத்தார். எனக்கு ஏனோ அதைப் பார்க்கக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஒரு மனிதர் மற்றவர்களின் தவறுகளை எல்லாம் தானே எடுத்துக்கொண்டால், மற்றவர்களுக்கு மிச்சம் என்ன இருக்கும் என்று யோசித்தேன். அப்போது எனக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் இருந்தது. அதுதானே ரிசர்வ் ஆட்டக்காரனின் வேலை.

அந்த வருஷம் முதீர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரு வருஷமாகவே அவர் பெரும்பாலும் சோபாவின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அண்ணன் முதலாளியும் செலவைப் பற்றி முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார். "இந்தக் கோப்பை வந்தால் டீம் இருக்கும். வராவிட்டால் டீம் கலாஸ். எல்லாரும் ஜுபைல்" என்றார். சவூதியில், ஜுபைலில், கம்பெனி ஒரு ஆலை வேலையை எடுத்திருந்தது. வெயிலில் பைப் தூக்கும் வேலை. தகரக் காம்ப். அங்கிருந்து லீவில் போனவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதே எங்களுக்குப் போதுமான தகவலாக இருந்தது. நாங்கள் வெறிகொண்டு ஆடினோம். அதாவது அவர்கள் ஆடினார்கள். டிசம்பரில் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம்.

அந்த வாரம்தான் ஜெபராஜ் கிறிஸ்துமஸுக்காக வைன் போட்டிருந்தான். அவன் அம்மா ஊரில் போடுவாளாம். கறுப்பு திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட். ஒரு பெரிய பிளாஸ்டிக் தண்ணீர் கேனில் போட்டு, கம்பளியைச் சுற்றி, சமையலறைத் தொட்டிக்குக் கீழே வைத்திருந்தான். அந்த நாட்டில் மது கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படியும் ஃபர்வானியாவில் பாதி சமையலறைகளில் கம்பளி போர்த்திய கேன் இருந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் கேன் நன்றாகவே புளித்துவிட்டது. வாசனை படியிறங்கிப் போயிற்று. யார் சொன்னார்களோ, வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். எகிப்தியர் பின்னால் நின்றார்.

தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போய்க் கம்பளியை விலக்கினார். யாருடையது என்று கேட்டார். நாங்கள் ஆறு பேரும் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தோம். ஜெபராஜ் வெளிறிப் போயிருந்தான். ஆனாலும் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தான். அதை நான் பார்த்தேன், என்றைக்கும் சொல்வேன். அண்ணாச்சியின் முழங்கை அவன் நெஞ்சில் இடித்தது. மைதானத்தில் இடிக்கிற அதே இடி. அவன் சுவரில் போய் மோதினான்.

"அனா" என்றார் அண்ணாச்சி.

போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். நரைத்த தலை, கறுத்த முழங்கால், லுங்கி. சாராயம் காய்ச்சுகிறவன் இப்படித்தான் இருப்பான் என்று தோன்றியிருக்க வேண்டும். கேனோடு அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

முதீரிடம் ஓடினோம். சாராய விஷயம் என்றதும் அவர் டெலிஃபோன் இருந்த பக்கம் திரும்பக்கூட மறுத்துவிட்டார். மறுநாள் காலையில், ஆட்டத்துக்கு முன்னால், நானும் ஜெபராஜும் ஸ்டேஷனுக்குப் போனோம். ஜெபராஜ் உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு வந்திருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இவனை எதுக்குவே கூட்டியாந்தீரு? மத்தியானம் மேட்ச் இருக்கு. கால் வலிக்க நடந்து வந்திருக்கான்" என்று என்னைத் திட்டினார்.

"நான் சொல்லப் போறேன் அண்ணாச்சி. என்னால முடியாது" என்று ஜெபராஜ் அழுதான்.

"சொன்னா ரெண்டு பேரையும் ஊருக்கு அனுப்புவான். அம்புட்டுத்தான். வாயை மூடுலே." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்வது மாதிரி சொன்னார்: "கோல் போடுதவன் போனா டீமு போச்சு. டீமு போனா அம்புட்டுப் பேரும் போச்சு. பின்னால நிக்கதுக்கு எவனா இருந்தா என்ன? உம்மக்கூட நிறுத்தலாம்."

அதை அவர் நம்பித்தான் சொன்னார். வாராவாரம் பத்திரிகையில் வந்த இரண்டு வரியை நான் வாசிக்க, கேட்டுக் கேட்டு அவர் தன்னைப் பற்றிப் போட்டுவைத்திருந்த கணக்கு அது. எனக்கு அந்த இடத்தில் ஏதாவது சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். என்னை ஒரு ஆளாக மதித்த அதிர்ச்சியில் பேசாமல் இருந்துவிட்டேன்.

மத்தியானம் என்னை நிறுத்தினார்கள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மைதானம் வேறு மாதிரி இருப்பது தெரிந்தது. சத்தம் இல்லை. எதிரியின் பந்து எங்கள் பக்கம் வந்தபோது எல்லாரும் ஒதுங்கினார்கள். ஆம், ஒதுங்கினார்கள். வருஷக்கணக்கில் பழகிய கால்கள். பந்து நடுவில் தனியாக உருண்டு வந்தது. அதைத் தொடர்ந்து எதிரி ஆள் ஒருவன் வந்தான். நான் அவனை நோக்கிப் போனேன். அவன் என்னைக் கடந்து போனான். பஷீர் பழக்கப்படி வலது பாதியை மூடிக்கொண்டு நின்றான். பந்து இடது பாதியில் நிதானமாக நுழைந்தது. பஷீர் திரும்பிப் பார்த்த இடத்தில் யாரும் இல்லை.

பெனால்டி கார்னர் வந்தபோது விசிலுக்கு யாரும் ஓடவில்லை. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அது இரண்டாவது கோல். மூன்றாவதுக்கு நான் ஓடினேன், பந்தை வாங்கிக்கொள்ளும் பாக்கியத்துக்குக் குறுக்கே என்னுடைய இயல்பான அறிவு வந்துவிட, குனிந்தேன். பந்து என் தலைக்கு மேலே போய்க் கோலில் விழுந்தது. இடைவேளைக்குப் பிறகு ஜெபராஜ் முன்னால் போகவே இல்லை. எங்கள் கோலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு எல்லாப் பந்துக்கும் பாய்ந்தான், அழுதுகொண்டே பாய்ந்தான். தடுக்க அவனுக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றைச் செய்ய முன்னால் ஆளே இல்லை. அவனுடைய வெள்ளை டிரவுசர் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. ஆறு கோல் விழுந்தது. நாங்கள் ஒன்றும் போடவில்லை. நான்காவது விழுந்ததுமே முதீர் எழுந்து போய்விட்டார். சோபாவைத் தூக்கக்கூட ஆள் நிற்கவில்லை.

சனிக்கிழமை அணி கலைந்தது. அண்ணாச்சியை அதற்கு அடுத்த வாரம் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விமானம் ஏற்றினார்கள். ஆட்டம் என்ன ஆயிற்று என்று தெரியாமலே ஏறியிருப்பார். பஷீர் ஜுபைல் வேண்டாம் என்று ஊருக்கே போனான். மற்றவர்கள் ஜுபைலுக்குப் போனார்கள். என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விசாவில் போட்ட வேலை தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஜெபராஜ் ஜுபைலில் பைப் தூக்கினான். கோடைக்கு முன்னால் ஒரு பைப் சரிந்து வலது மணிக்கட்டை நசுக்கிவிட்டது என்று செய்தி வந்தது. கட்டுப் போட்டு ஊருக்கு அனுப்பினார்கள்.

அடுத்த லீவில் கோவில்பட்டிக்குப் போனேன். அண்ணாச்சி ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கேட் வாட்ச்மேனாக இருந்தார். வீட்டில் அவர் மனைவி தரையில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. கையெல்லாம் பசை.

"டீமு எப்படி?" என்றார் அண்ணாச்சி.

கலைந்துவிட்டது என்றேன். ஜெபராஜைக் கேட்டார். மணிக்கட்டைச் சொன்னேன்.  ஒட்டி முடித்த கூடுகளை எடுத்து வரிசையாக அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

அவர் மனைவிதான் பேசினார். "கேட்டியளா தம்பி. பச்சப்பிள்ள கையும் போச்சு, இவரு வேலையும் போச்சு. ஊரான் குத்தத்தையெல்லாம் எனக்கு எனக்குன்னு ஓடி ஓடி வாங்குனாரே, இந்த வீட்டுல ஒண்ணையாவது என் தப்புன்னு சொல்லியிருப்பாரா கேளுங்க. இன்னைக்கு வரைக்கும் இல்ல."

"விடுங்க மதினி" என்றேன். 

அண்ணாச்சி என்னை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்.  திருநெல்வேலி பஸ் வந்து நின்றது. நான் ஏறப் போகும்போது சட்டையைப் பிடித்து நிறுத்தினார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அந்த மேட்ச்... தோத்துதான போனீங்க?"

"தோத்துட்டோம் அண்ணாச்சி."

"எத்தனை?"

அவர் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. பசித்தவன், பசிக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, என்ன சமையல் என்று விசாரிப்பான் இல்லையா, அந்தக் குரல்.

"ஏழு" என்றேன்.

"ஏழா?"

"ஏழு. நாம ஒண்ணுமே போடல."

அவர் தரையைப் பார்த்தார். வருத்தப்படுகிற முகத்தை வைத்துக்கொள்ளத்தான் முயன்றார், பாவம். உதட்டை இறுக்கிக்கொண்டார், தொண்டையைச் செருமினார். ஆனால் அது கண்ணில் ஏறி, கன்னத்தில் பரவி, அவரையும் மீறி முகம் முழுக்க வந்துவிட்டது. பதினோரு பேர் பிழைப்பும் ஒரு மணிக்கட்டும் போன கணக்கில், அந்த மனிதருக்கு முதல்முறையாக ஒரு வரவு விழுந்திருந்தது.

"அடுத்த பஸ்ல போகலாம்வே" என்று என் பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "உக்காரும். ஒண்ணொண்ணா சொல்லும்."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆறு கோலையும் நடந்தது நடந்தபடியே சொன்னேன். ஏழாவதை மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்து, நன்றாகச் சொன்னேன்.